தோளில் ஒரு மொட்டு

பரிசோதனைக்கூடத்து மேசையில் பாதி வரைக்கும் காலை வெயில் வந்து நிற்கிறது. ரத்தத்தில் கிருமி என்று சேர்த்த பெண்ணுக்கு, இரண்டு நாளாக மருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை என்று வார்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முந்தாநாள் தானே பார்த்து 'பாக்டீரியா' என்று எழுதிய அதே கண்ணாடித் தகட்டை லேப்காரம்மா மறுபடி நுண்ணோக்கியில் வைத்துக் குமிழைத் திருகுகிறாள். ஊதா வட்டங்கள் மெல்லத் தெளிகின்றன. பாக்டீரியாவாக இருந்தால் பொடிப்பொடியாகத் தெரியும். இவை அதைவிடப் பல மடங்கு பெரியவை. பாக்டீரியா சரிபாதியாகப் பிளந்து பெருகும். இங்கேயோ ஒரு வட்டத்தின் தோளில் குட்டி மொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, இடுப்புப் பிள்ளை மாதிரி. ஈஸ்ட், பூஞ்சை வகை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். அன்றைக்கு அவளுக்குக் கண் நுழையவில்லை. ஏறிக்கொண்டிருக்கும் மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஈஸ்ட்டைத் தொடக்கூடச் செய்யாது. கதவுக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் கணவன், அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். லேப்காரம்மா போனை எடுக்கிறாள்.

"டாக்டர், முந்தாநாள் நான் எழுதினது தப்பு. அந்தப் பொண்ணு ரத்தத்துல இருக்கறது ஈஸ்ட்."

"சரிம்மா, மருந்தை இப்பவே மாத்திடறேன். நீங்க பதிவேட்டுல திருத்திடுங்க."

பதிவேட்டை விரித்துச் சிவப்பு மையால் ஒற்றைக் கோடு இழுக்கிறாள். அடித்த சொல் எப்போதும் படிக்கிறபடி இருக்க வேண்டும் என்பது இந்தக் கூடத்து விதி. கோட்டுக்கு அடியில், அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில், 'பாக்டீரியா' நன்றாகவே தெரிகிறது.