பூட்டு விழும் சத்தம்

“சார், கண்ணாடியக் காணோம்” என்றான் மோகன்ராஜ்.

பிரேமலதா அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் வால்பக்க மூடியைக் கடைசித் திருகு வரை அவளே போட்டு முடித்திருந்தாள். இன்ஸ்பெக்டர் கோவர்த்தனன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“எந்தக் கண்ணாடி?”

“சந்துல வுட்டுப் பாக்கற சின்னக் கண்ணாடி சார். என்னுது. செவப்பு டேப் சுத்தினது. உள்ளாறதான் வச்சிட்டேன்னு நெனைக்கறேன்.”

கோவர்த்தனன் பேனாவை மூடினார். ரேணிகுண்டாவில் விமானம் நிறுத்தும் அந்த ஹேங்கருக்கு வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் சொல்லிவரும் விதி அது. ஒரு கருவி குறைந்தால் விமானம் நகராது. எல்லோருடைய கருவிப் பெட்டிகளையும் பூட்டிவிட்டு, மூடியதைத் திறந்து தேட வேண்டும்.

“நல்லா இருக்குதுடா” என்றார். “இந்த ஃபிளைட்டு எங்க பறந்தாலும் இருக்கற எடத்த சாட்டிலைட்டுகிட்ட கேட்டு ஊருக்கே சொல்ற பொட்டிய மாட்டிக்கினு இருக்கறோம். உன் கண்ணாடியக் கண்டுபுடிக்க எந்த சாட்டிலைட்ட கேக்கறது?”

பைலட் ஹரிபாபு நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏமி சார், இன்கா லேட்டா?”

“லேட்டுதான். நம்ம மோகன் துரை கண்ணாடியத் தொலைச்சுட்டாரு.”

ஹரிபாபு சிரித்தார். பிரேமலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கூரையில் இருக்கும் ஆன்டெனாவிலிருந்து வால்பக்கப் பெட்டி வரை வயர் இழுத்து இணைத்தது முழுக்க அவள் வேலை. முதல் முறையாகத் தனியாகச் செய்தது. சோதித்தபோது திரையில் குட்டி விமானம் ஒன்று ரேணிகுண்டாவில் சரியான இடத்தில் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. போன மாதம் ஒரு திருகைத் தளர்வாக விட்டதற்கு அவள் பேரில் தப்பு எழுதியிருந்தார்கள். இன்னொன்று ஏறினால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலி. அதற்கு அவளும் மோகன்ராஜும் போட்டி.

அவன் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“வேணும்னே பண்றியா? நான் ஒரு வேலைய நல்லபடியா முடிச்சது பொறுக்கலியா?”

“தொலஞ்சிபோச்சு பிரேமா. இன்னா பண்ணச் சொல்ற?”

“எங்க வூட்டுக்காரு கால்ல கட்டு போட்டுக்கினு புத்தூர்ல படுத்துக்கினு இருக்காரு. நான் உள்ள வயர் மாட்டிக்கினு இருக்கறப்பவே போன் பண்ணி எப்ப வருவேன்னு கேட்டாரு. பக்கத்துலதான நின்ன நீ?”

“நின்னேன். கேட்டுக்கினுதான் இருந்தேன்.”

“கேட்டுமா இப்டி பண்ற? புத்தூர் போற இந்த ரயிலு போச்சுன்னா அந்த மனுசனுக்கு ஒரு வாய் சோறு குடுக்க ஆளில்ல.”

அவன் டார்ச்சை எடுத்துத் தட்டிப் பார்த்தான்.

“மோகன்ராஜு, உன் பேர்ல எழுதறேன்” என்றார் கோவர்த்தனன். “பர்மனென்ட்டுக்கு ஆள் எடுக்கற நேரம். அப்புறம் எங்கிட்ட வந்து அழுதுக்கினு நிக்கக் கூடாது.”

“எழுதுங்க சார்.”

“சரி, ஏறித் தேடு.”

“பிரேமாவே பாக்கட்டும் சார். மூடினது அதுதான?”

பிரேமலதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். திருகுகளைத் திரும்பக் கழற்றினாள். வெடுக்கென்று மூடியை இழுத்துக் கீழே வைத்துவிட்டு, தலையும் தோளும் உள்ளே போகுமளவு நுழைந்தாள். மோகன்ராஜ் வெளியே குத்துக்காலிட்டு டார்ச் அடித்தான்.

“கண்ணுக்கு நல்லெண்ண வுட்டுக்கோ” என்றாள் உள்ளிருந்து. “பொருள வச்ச எடம் தெரியாத ஆளெல்லாம் ஃபிளைட்டு வேலைக்கு வந்துட்டீங்க.”

“சரி, பாரு.”

கைக்கு எட்டிய இடமெல்லாம் தடவினாள். ஒன்றும் இல்லை. பெட்டிக்குப் பின்னால் மட்டும் கை போகவில்லை, கண்ணும் போகவில்லை. அவளுடைய கருவிகள் பூட்டில் இருந்தன.

“பின்னாடி தெரியல” என்று திரும்பாமலே கையை வெளியே நீட்டினாள். “ஏதாவது ஒரு கண்ணாடி குடு.”

உள்ளங்கையில் கண்ணாடி வந்து உட்கார்ந்தது.

அதைப் பெட்டிக்குப் பின்னால் விட்டுச் சாய்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் வயரின் முனை தெரிந்தது. முனையைச் செருகிய பிறகு அதன் வளையத்தை ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை திருக வேண்டும். வளையம் திருகப்படவில்லை. விரல் பட்டதும் வயர் கழன்று கையோடு வந்தது.

தரையில் அசையாமல் நிற்கும்வரை எல்லாம் சரியாகக் காட்டியிருக்கும். மேலே போய் நாலு குலுக்கல் குலுக்கினால், தான் எங்கே இருக்கிறோம் என்று அந்தப் பெட்டிக்கே தெரிந்திருக்காது.

செருகிய கையோடு போனை எடுத்தது நினைவுக்கு வந்தது.

வயரைச் செருகி வளையத்தைத் திருகினாள்.

டிக்.

“ஆங், இப்பக் கேட்டுச்சு” என்று மோகன்ராஜ் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். “மத்தியானம் கேக்கல. நீ மூடிட்ட பின்னாடிதான் எனக்கு ஒறைச்சுது. எறங்கி வா. கண்ணாடி உள்ளாற கெடந்துதுன்னு சொல்லிடு, போதும்.”

அவள் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடியில் சிவப்பு டேப்.

“இன்னாம்மா, கெடைச்சுதா?” கோவர்த்தனன் கேட்டார்.

பிரேமலதா வெளியே வந்தாள். ஹேங்கர் வெளிச்சத்தில் கண் கூசியது. மோகன்ராஜ் வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தான்.

“கெடைச்சுது சார்” என்றாள். “வயரப் பூட்டாம வுட்டது நான். மோகன் பேர அடிச்சிட்டு என் பேர எழுதுங்க.”