பத்து டொலர் பூக்கொடி

ரெலிபோன் கூண்டுக்குள் நின்று கச்சிமுகம்மது தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அமெரிக்காவில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு வெளியே, கல்முனைக் கடைத்தெருவின் அந்தக் கொமியூனிகேஷன் கடையை நடத்துகிற நஸீறா, மீற்றரில் ஒரு கண்ணும் அவரில் ஒரு கண்ணுமாக இருந்தாள். வெளிநாட்டு அழைப்பென்றால் அந்த மீற்றருக்குக் கால் தரையில் நிற்காது.

வியாழக்கிழமை ஹஜ்ஜுக்குப் புறப்பாடு. அதற்கு முன் பழகிய அத்தனை பேரிடமும் போய், ஏதும் குற்றங்குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட வேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்ததை அல்லாஹ் மன்னிப்பான். மனிசனுக்குச் செய்ததை அந்த மனிசன்தான் மன்னிக்க வேண்டும்.

கச்சிமுகம்மது ஊரையே சுற்றி வந்துவிட்டார். வேலிச் சண்டை பிடித்த அடுத்த வீட்டுக்காரன் பொறுத்தான். இவர் அடித்துக் கொடுத்த கலியாண அழைப்புக் காட்டில் மாப்பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாமனாரின் பெயர் விழுந்துபோன வீட்டுக்காரர்கூட மூக்கால் அழுதுகொண்டு பொறுத்தார்.

மிச்சம் ஒருவன். அவனை இவர் கண்டதே இல்லை.

இவருடைய கடையில் கலியாணக் காட் அடிக்கிற கொம்பியூட்டருக்குள் இருந்தான் அவன். காட்டைச் சுற்றிப் பூக்கொடி போடும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதிய வெள்ளைக்காரன். அதைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து நிற்கும். பாவித்துப் பாருங்கள், பிடித்திருந்தால் பத்து டொலர் அனுப்புங்கள். கீழே பெயர், முகவரி, ரெலிபோன் நம்பர்.

பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இப்போது எந்தக் கலியாணக் காட்டை எடுத்தாலும் அந்தப் பூக்கொடிதான். பத்து டொலர்தான் போகவில்லை.

நாலு வருடமாகப் பெட்டி வரும். இவர் ஒரு தட்டுத் தட்டுவார். பெட்டி போய்விடும். காசு கேட்டு வருகிறவர்களில் இவ்வளவு மரியாதை தெரிந்த ஒருவனை அவர் கண்டதில்லை.

போன கிழமை கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி சித்தி லைலா அந்தப் பெட்டியைக் கண்டு, இது என்ன என்று கேட்டாள். அங்கேதான் பிடித்தது சனியன்.

கச்சிமுகம்மது தன் சட்டத்தை எடுத்துவிட்டார். அரிசியை அள்ளினால் மூட்டை குறையும். இதைக் கொப்பி அடித்தால் அவனுடையது அவனிடமே இருக்கும், மயிரளவும் குறையாது. குறையாத ஒன்றுக்கு எதற்குக் காசு?

"குறையாட்டி அவன் ஏன் நாளாந்தம் வந்து நின்று கேக்கான்? மக்கத்துக்குப் போறவர் அவன்ட்டயும் ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் போங்க" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. மக்கத்தில் கஃபாவைத் தவாப் சுற்றும்போது முன்னால் அந்தச் சாம்பல் பெட்டி வந்து நின்றால் எதைத் தட்டுவது?

பத்து டொலரை அனுப்ப வழி கேட்டபோது வங்கியில் சிரித்தார்கள். அதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோசம். மன்னிப்புக் கேட்பது இலவசம்தானே. ரெலிபோன் காசு அந்தப் பத்து டொலரை விழுங்கி ஏப்பம் விடும் என்பது மட்டும் அவர் மூளைக்கு எட்டவில்லை.

மறுமுனையில் கரகரத்த ஒரு ஹலோ.

கட்டாரில் லொறி ஓட்டியபோது பொறுக்கிய ஆங்கிலம் முழுவதையும் அள்ளிக் கொட்டினார். ஸ்ரீலங்கா. கலியாணக் காட். பூ. ஹஜ். பிளீஸ்.

விளங்கியதும் அந்த மனிசன் சிரித்தான். காசு அனுப்பியவர்களையே விரல் விட்டு எண்ணலாமாம். மன்னிப்புக் கேட்டு ரெலிபோன் எடுத்தவர் உலகத்திலேயே இவர்தானாம். காசு வேண்டாம், உன்னுடைய அந்த ஒரு கொப்பியை மனசாரத் தந்துவிட்டேன், போகிற இடத்தில் எனக்காகவும் கேள் என்றான்.

கச்சிமுகம்மதுக்கு அழுகை வந்துவிட்டது. கூண்டைத் திறந்து வெளியே வந்தபோது, பில்லைப் பார்க்கும் வரைக்கும், உடம்பில் பாரமே இல்லை.

நஸீறாவும் காட் அடிக்கிறவள்தான், அவரைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்து அழைப்பவள். மிச்சக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த கொம்பியூட்டரில் யாரோ ஒருவரின் காட்டைத் திறந்தாள். சாம்பல் பெட்டி வந்து நின்றது. அவள் பார்க்காமலே ஒரு தட்டுத் தட்டினாள்.

"இந்த வெள்ளைக்காரனோடதானே காக்கா கதைச்சீங்க? இந்தப் பூக்கொடிய நீங்க கொப்பி அடிச்சுத் தந்த டிஸ்க்குக்கு நாங்க ஒவ்வொருத்தரும் தந்த ஐந்நூறு ரூபால அவர்ர பங்கையும் அனுப்பியிருப்பீங்கதானே?"

அவள் குத்திக் கேட்கவில்லை. நம்பித்தான் கேட்டாள்.

"எல்லாருக்கும் சேத்துப் பொறுத்துட்டான் தங்கச்சி."

வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. கையில் கிடைத்த மன்னிப்பை அந்த இடத்திலேயே ஒரு கொப்பி அடித்துக் கொடுத்தாயிற்று.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் நஸீறா.

படி இறங்கி ரோட்டுக்கு வந்தார். கொப்பி அடித்தால் குறையாது என்பது அவருடைய சட்டம். ஆனால் நெஞ்சைத் தடவிப் பார்த்தால், கூண்டுக்குள் கிடைத்ததில் ஒரு துண்டும் மிச்சமில்லை.

முதலில் சித்தி லைலாவை ஏசினார். பிறகு வெள்ளைக்காரனை. ஏச வேறு ஆள் இல்லாமல் கடைசியில் தன்னையே ஏசிக்கொண்டு திரும்பவும் படியேறினார்.

"அந்த நம்பர மறுகா ஒருக்கா அடிங்க தங்கச்சி."

"ஏதும் சொல்ல மறந்துட்டீங்களா காக்கா?"

"ஓம். ஒரு முப்பது கொப்பி."