ஒரே சாட்சி

"சூர்யா மிஷினை அணைச்சுட்டுத்தான் சார் கையை உள்ள விட்டான். நான் பக்கத்துலயே நின்னேன். அது தானா ஓட ஆரம்பிச்சிருச்சு!" ஜெயபாண்டி அழுதான்.

டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பஞ்சாலையில், பொதி அமுக்கும் மிஷின் அவன் நண்பன் சூரியபிரகாஷை நசுக்கிக் கொன்றிருந்தது. மிஷினுக்குச் சீல் வைத்துவிட்டுத் துக்க வீட்டுக்கு வந்திருந்த அதிகாரி, சூர்யாவின் தகப்பன் நல்லகாமனிடம் திரும்பினார்.

"சாஃப்ட்வேர் கோளாறுன்னு நீங்க ஒரு புகார் கொடுங்க."

"வேணாம் சார். எம் மகன்தான் அணைக்க மறந்திருப்பான்."

ஜெயபாண்டி சீறினான். "செத்தவன் மேலயே பழியா? மில்லுக்காரன்கிட்ட விலை போயிட்டீகளா பெரியப்பா?"

அவர் உள்ளே போனார். அவனும் விடாமல் பின்னாலேயே போனான்.

மதுரையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த மகள் தமிழ்ச்செல்வி, அண்ணன் உடலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அப்பாவைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"அந்த மிஷினுக்குப் புரோகிராம் எழுதுனது நான்தானப்பா. அதுதான் அண்ணனைக் கொன்னுருச்சா?"

"இல்லத்தா."

அவள் நம்பவில்லை. "ஜெயபாண்டியண்ணே, நீங்க கூடவே இருந்தீகளே. நீங்க சொல்லுங்க!"

நல்லகாமன் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவன்தான் அணைக்க மறந்துட்டான் தங்கச்சி" என்ற ஜெயபாண்டி, நண்பனின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.