கீழ்வீட்டு மீட்டர்

2022 மே 15, ஞாயிறு, மதுரை வில்லாபுரம். கீழ்வீட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சா?"

கேட்டவர் வீட்டுக்காரர். மாடியில் இருப்பவர்.

கீழே குடியிருக்கும் செல்லக்கனி தலையசைத்தாள். ஃபேன், டிவி, மிக்சி. ஃப்ரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கிக் கீழே போட்டிருந்தாள்.

மீட்டர் கண்டபடி ஓடுகிறது என்று கோடை தொடங்கியதிலிருந்து சொல்லிவந்தாள். மீட்டர் பொய் சொல்லாது, நீங்கள்தான் ஃபேனை நிறுத்துவதில்லை என்று அவர் சொல்லிவந்தார். இன்று சோதித்தே காட்டிவிடலாம் என்று கூப்பிட்டதும் அவர்தான். சாட்சிக்கு எதிர்க்கடைத் தங்கவேலுவையும் அழைத்திருந்தார்.

வீட்டில் எதுவும் ஓடாதபோது அந்த விளக்கு மின்னக் கூடாது.

மின்னியது.

"என்னத்தா, ஒன் வீட்ல பேய் உக்காந்து மாவாட்டுதா?" என்றார் தங்கவேலு.

வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார்.

"மெயினை எறக்கு. அப்பவும் ஓடுதான்னு பாப்போம்."

இறக்கினாள்.

சிவப்பு நின்றது.

மாடியிலிருந்து அவருடைய மகளின் குரல் வந்தது.

"அப்பா! ஏசி மட்டும் நின்னுருச்சு. ஃபேன் ஓடுது!"

அவருடைய சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாததுபோல.

ஏசி வாங்கிய வருடம் கீழ்வீடு காலியாகக் கிடந்தது. மாடி லைன் தாங்காது என்றார் எலெக்ட்ரீஷியன். "இப்போதைக்குக் கீழ இருந்து இழுத்துக் குடுப்பா" என்று வீட்டுக்காரர்தான் சொன்னார். அடுத்த மாதம் செல்லக்கனி குடிவந்தாள்.

மறந்துவிட்டது.

மறந்துவிட்டது என்றுதான் இப்போதும் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

செல்லக்கனியின் பிள்ளைகள் இருவரும் மாடிப்படியின் உச்சியில், அவர் வீட்டு வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பகலில் ஃபேன் போடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அந்தக் கதவின் அடியிடுக்கில் கொஞ்சம் குளிர்ச்சி கசியும். கால்களை அதை நோக்கி நீட்டியிருந்தார்கள்.

வழியில் உட்காராதீர்கள் என்று நேற்றும் விரட்டியிருந்தார்.

தங்கவேலு மீட்டரைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"கடையில ஆளில்ல" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார். கடை வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு..."

செல்லக்கனி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்க பாப்பாவுக்கு வேர்க்கும் சார்" என்றாள்.

மெயினை ஏற்றிவிட்டாள்.

சற்றுப் பொறுத்து மாடியில் ஏசி ஓடத் தொடங்கியது. கீழே சிவப்பு விளக்கு மின்னியது.

மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை.