உச்சியிலிருந்து ஒரு படம்

"எனக்கு வயிறு எரியுதுங்க" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள் மூத்தவள். கையிலிருந்த போனைக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க, உங்க தம்பி பொண்டாட்டியை! நேத்து அலையாத்திக் காட்டுல படகு சவாரி. காலையில அருங்காட்சியகம். இப்போ கலங்கரை விளக்கத்து உச்சியில நின்னு பல்லைக் காட்டுறா."

"நல்லா இருந்துட்டுப் போகட்டுமே."

"கல்யாணமான நாள்லேர்ந்து கேக்குறேன். இதுல ஒண்ணையாவது என் கண்ணுல காட்டினீங்களா?"

"போகலாம், போகலாம். கலங்கரை விளக்கம் எங்கே ஓடிப்போகப் போகுது?"

"ஒவ்வொரு லீவுக்கும் இதே பாட்டு! உங்க தம்பிக்கு மட்டும் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகத் தெரியுது."

போன் அடித்தது. இளையவள்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கடைசிப் படத்தைக் கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க."

வேண்டாவெறுப்பாக இரண்டு விரலால் விரித்தாள். இளையவளின் தோளுக்குப் பின்னால், வெகு கீழே, ஒரு மொட்டைமாடி. அங்கே ஒருத்தி ஈரப் போர்வைகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக இங்கேயே தங்கி ஊர் சுற்றும் இளையவள் குடும்பம் போர்த்திய போர்வைகள். உதறிக்கொண்டிருந்தவள் சாட்சாத் இவளேதான்.

"மேலேர்ந்து கையைக் கையை ஆட்டினேன், நீங்க நிமிரவே இல்லையே அக்கா! சரி, இறங்கிட்டோம். நம்ம தெருமுனைக்கு வந்தாச்சு. பசி உயிர் போகுது, சோறு ரெடிதானே?"

மூத்தவள் சமையலறையிலிருந்து கரண்டியை எடுத்து வந்து கணவன் கையில் திணித்தாள். செருப்பை மாட்டினாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"அது ஓடிப்போறதுக்குள்ள ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு வந்துடறேன்."