நெவெனா வீட்டைச் சுத்தம் செய்தாள்

தன் தம்பி பெண்டாட்டி போயானா, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து பால் புட்டிகளைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்ததை நெவெனா மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தாள். துணி காயப்போட வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அத்தனையும் நெவெனா ஆசையாகக் கொடுத்தவை. பக்கத்திலேயே அவள் கொடுத்த வாணலி, நடுவில் ஆணியால் ஓட்டை போட்டுக் கிடந்தது.

"நன்றி கெட்டவ" என்று முனகிக்கொண்டு, வாயில் கவ்விய துணி கிளிப்பைக்கூட எடுக்காமல் படியிறங்கினாள்.

சோம்போர் நகரத்தில் ரசாயனத்துக்கு ஜென்ம விரோதி யார் என்று கேட்டால் சின்னக் குழந்தையும் நெவெனாவைத்தான் கை காட்டும். வசந்தகாலத்தில் சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டரம்மா பேசினதைக் கேட்டுவிட்டு வந்தாள். வரும்போதே பாதி டாக்டராகி வந்தாள். மறுநாள் வாசனைத் தெளிப்பான் போனது. அடுத்து ஒட்டாத பூச்சு போட்ட வாணலிகள். அப்புறம் பிளாஸ்டிக் டப்பா, தட்டு, பரணில் கிடந்த பழைய பால் புட்டிகள் எல்லாம். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மாவை ஐஸ்கிரீம் டப்பாவில் எடுத்து வைக்காத வீடு அந்த ஊரில் உண்டா? அதற்கும் தடை. தரை துடைக்க வினிகர், கண்ணாடி துடைக்க வினிகர். வீட்டுக்குள் நுழைந்தால் ஊறுகாய் ஜாடிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"இன்னிக்கு மூச்சு விடலாமா, இல்ல அதுலயும் ஏதாவது இருக்கா?" என்பான் புருஷன் கோரான். முகச்சவரத்துக்குப் பிறகு பூசும் திரவத்தைப் பறிகொடுத்த துக்கம் அவனுக்கு.

போதாதென்று போன மாதம் வட்டார மன்றத்துக் கூடத்தில் பெண்களைக் கூட்டி நெவெனாவே பேசினாள். சூடான பால் பட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து என்ன இறங்கும், வயிற்றுப் பிள்ளைக்கும் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது ஏன் ஆகாது என்றெல்லாம் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னாள். கைதட்டல் பிரமாதம். அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பேச்சை இன்னொரு தடவை பேசிப் பார்த்ததை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டிலிருந்து கழித்துக்கட்டின சாமானெல்லாம் ஒரு மூட்டை சேர்ந்திருந்தது. தூக்கிப்போட மனசு வரவில்லை. நல்ல சாமான், காசு கொடுத்து வாங்கினது. கீழ்த்தளத்தில் தம்பி குடும்பம் இருக்கிறதே! போயானாவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அழுது அழுது இப்போதுதான் மறுபடி உண்டாகி, வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. பிள்ளை பிறக்கும் முன்னே புதுச்சாமான் வாங்குவது அந்த ஊரில் ஆகாத காரியம். ஆனால் பழசைக் கொடுத்தால் ஒன்றுமில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "உனக்குன்னே எடுத்து வச்சேன்டி" என்று சொல்லி, ஒரு காபியும் குடித்துவிட்டு வந்தாள்.

அந்த மூட்டைதான் இப்போது துண்டு துண்டாகக் கிடந்தது.

"என்னடி இது?" என்றாள் நெவெனா. வாயிலிருந்த கிளிப் கீழே விழுந்தது.

போயானா திடுக்கிட்டுக் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "அண்ணி, நீங்க ஊருக்குப் போயிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"வேண்டாம்னா வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே."

"நாத்தனார் ஆசையா கொடுக்கறதை எப்படி அண்ணி வேண்டாம்னு சொல்றது? உங்க மனசு சங்கடப்படும்." போயானா தலையைக் குனிந்துகொண்டாள். "மன்றத்துல நீங்க பேசினப்ப நான் கடைசி வரிசைல இருந்தேன். எல்லாத்தையும் கேட்டேன். இந்தத் தடவையாவது நல்லபடியா பெத்தெடுக்கணும் அண்ணி. பயமா இருக்கு."

நெவெனாவுக்கு முகத்தில் யாரோ தண்ணீரை ஊற்றின மாதிரி ஆனது. ஊருக்கெல்லாம் மேஜையைத் தட்டிச் சொன்னவள், தன் வீட்டு விஷத்தைத் தம்பி வீட்டில் கொண்டுபோய் இறக்கி, அதற்குக் காபியும் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். பாதி டாக்டர்! இது மட்டும் கோரானுக்குத் தெரிந்தால் சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும், வேண்டியதுதான். அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? நெவெனாவின் வாய் ஆயிற்றே! பெரியவள் என்கிற கௌரவத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

"அது சரிடி. உனக்கு வேண்டாம்னா, எல்லாரும் வைக்கிற மாதிரி தொட்டி ஓரமா வச்சிட்டுப் போயிருக்கலாமே. இல்லாதப்பட்டவங்க யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க. நல்ல சாமானை எதுக்கு இப்படி அறுத்துப் பாழாக்கற?"

போயானா கடைசிப் புட்டியைக் கையில் எடுத்தாள்.

"வேற ஒரு பிள்ளைத்தாச்சி எடுத்துட்டுப் போயிடுவா அண்ணி. அவ உங்க பேச்சைக் கேட்டிருக்க மாட்டாளே."