பொட்டு வைத்த கணினி

சர்வர் அறையில் மூன்று பேர் இருந்தோம்: பம்ப் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து, விற்பனையைப் பார்க்கும் கலாமணி அக்கா, கணினிகளைக் கவனிக்கும் நான். பன்னிரண்டு மணிக்குக் கென்யாவிலிருந்து ஒரு வியாபாரி எங்கள் இணையதளத்தைப் பார்த்துவிட்டு ஆர்டரை முடிவு செய்வார். தளம் திறக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை. அதைக் காலையிலேயே முதலாளி சொல்லிவிட்டார்.

கலாமணி அக்கா செல்போனில் மறுபடியும் தட்டினார். "இப்ப வருதுங்க. இப்ப வரலீங்க. பூவா தலையா போட்டுப் பாக்கற மாதிரியே இருக்குது."

நான்கு நாள் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தேன். தளத்தின் பெயரைக் கேட்பவர்களுக்கு முகவரி சொல்ல இரண்டு கணினிகள் வைத்திருக்கிறோம். புதியது சரியாகச் சொல்கிறது. பழையது, போன மாதம் நாங்கள் விட்டுவிட்ட முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைத் திருத்தலாமென்றால் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை.

"பழச அணைச்சிரலாங்க. புதுசு ஒண்ணே போதும்," என்றேன்.

"அது ராசியான மிஷின், தம்பி," என்றார் முதலாளி. "மொத ஆர்டரே அதுலதான் வந்துச்சு. பதினோரு ஆயுத பூசை பாத்திருக்குது. ஒரு நாளும் அணைச்சதில்ல."

"பொய் சொல்லுதுங்க அது."

"நீயுந்தான் நாலு நாளா இன்னிக்குச் சரியாயிரும்னு சொன்னே."

கலாமணி அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். மணி பதினொன்று ஐம்பது. முதலாளி அந்தக் கணினியின் நெற்றியில் காய்ந்திருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். எப்போதும் செருப்போடு வருபவர், அதைக் கழற்றி வாசலில் என் பக்கமாகத் தள்ளிவிட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பழைய கணினியின் விசிறிச் சத்தம் நின்றது.